யார் கை முதலில் நீள வேண்டும்?

மஞ்சள் ஆற்று மக்கள் – அத்தியாயம் 14

கி.மு. 607. சோங் நாட்டுப் படையும் ஜெங் நாட்டுப் படையும் தாஜி என்ற இடத்தில் மோதவிருந்தன. போருக்கு முன் சோங் தளபதி ஹுவா யுவான் ஆடுகளை அறுத்துத் தன் வீரர்களுக்கு விருந்து வைத்தார். எல்லோருக்கும் இறைச்சி போய்ச் சேர்ந்தது. அவருடைய தேரை ஓட்டும் யாங் ஜென்னுக்கு மட்டும் பங்கு இல்லை. யாங் ஜென் அப்போது வாய் திறக்கவில்லை. மறுநாள் போர் தொடங்கியதும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். நேற்று ஆட்டிறைச்சி உங்கள் அதிகாரத்தில் இருந்தது, இன்று இந்தத் தேர் என் அதிகாரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தளபதியோடு தேரை எதிரி அணியின் நடுவே ஓட்டிக்கொண்டு போனார். ஹுவா யுவான் சிறைப்பட்டார். சோங் படை தோற்றது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, வென்ற ஜெங் நாட்டிலேயே அடுத்த விபரீதம். சூ நாட்டார் பெரிய ஆமை ஒன்றைக் கோமகன் லிங்குக்குக் காணிக்கையாக அனுப்பியிருந்தார்கள். அரண்மனைக்கு வந்துகொண்டிருந்த ஜிகோங் என்ற பிரபுவின் ஆள்காட்டி விரல் துடித்தது. அது துடித்தால் அபூர்வமான உணவு கிடைக்கும் என்று உடன் வந்த ஜிஜியாவிடம் சொன்னார். உள்ளே சமையற்காரர் ஆமையை வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு இருவரும் சிரித்தார்கள். காரணத்தைக் கேட்டறிந்த கோமகன், பந்தியில் எல்லாப் பிரபுக்களுக்கும் பரிமாறச் சொல்லிவிட்டு, ஜிகோங்கை உட்கார வைத்தே பட்டினி போட்டார். அவமானம் தாங்காத ஜிகோங் எழுந்து, கொப்பரைக்குள் விரலை விட்டு, ருசி பார்த்துவிட்டு வெளியேறினார். அவரைக் கொல்லக் கோமகன் எண்ணினார். ஜிகோங்கும் ஜிஜியாவும் முந்திக்கொண்டார்கள். கி.மு. 605 கோடையில் கோமகன் லிங் கொல்லப்பட்டார்.

இரண்டு நிகழ்ச்சிகளும் ‘ஜுவோ ஜுவான்’ என்னும் பழைய வரலாற்று நூலில் பதிவாகியிருக்கின்றன. பந்தி வஞ்சனை பொல்லாதது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அந்த வஞ்சனை ஒரு படையையும் ஓர் அரசரின் உயிரையும் விலையாகக் கேட்ட காலம் அது. சீனர்கள் உணவு மேசைக்கு இத்தனை விதிகள் ஏன் வகுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இங்கிருந்துதான் பதில் தொடங்குகிறது. சாப்ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்பது அந்த விதிகளின் மேற்பரப்பு. அடியில் இருப்பது ஒரே கேள்வி: பசித்த பலர் கூடியிருக்கும் இடத்தில் யார் கை முதலில் நீள வேண்டும்?

சோற்றில் பிறந்த சடங்கு

சென்ற அத்தியாயத்தில் முக்காலி வெண்கலக் கலங்களைப் பார்த்தோம். பேரரசருக்கு ஒன்பது, சிற்றரசர்களுக்கு ஏழு, அமைச்சர்களுக்கு ஐந்து, அடுத்த நிலைப் பிரபுக்களுக்கு மூன்று என்று ஜோ வம்ச மரபு வகுத்திருந்தது. ஒருவர் முன்னால் எத்தனை கலம் என்று எண்ணினாலே அவர் தகுதி தெரிந்துவிடும். 1978இல் ஹூபெய் மாகாணத்தின் சுய்ஜோவில் தோண்டியெடுக்கப்பட்ட ஜெங் நாட்டுச் சிற்றரசர் யீயின் கல்லறையில் (இது ஆமை விருந்து நடந்த ஜெங் அல்ல, தமிழில் அதேபோல் எழுதப்படும் வேறொரு சிறு நாடு) ஒன்பது கலங்கள் இருந்தன. கி.மு. 433 வாக்கில் ஒரு சிற்றரசர் பேரரசரின் எண்ணிக்கையைத் தனக்கு எடுத்துக்கொண்டார் என்றால், பழைய ஒழுங்கு எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது விளங்கும்.

அந்தத் தளர்ச்சியின் நடுவில் வாழ்ந்தவர் கன்பூசியஸ் (கி.மு. 551–479). அவருடைய உரையாடல் தொகுப்பின் பத்தாம் பகுதி, அவர் எப்படி உண்டார் என்பதைக் கூர்ந்து சொல்கிறது. சரியாக நறுக்காத உணவை அவர் தொடமாட்டார். அதற்குரிய தொடுகறி இல்லாமல் உண்ணமாட்டார். இறைச்சி எவ்வளவு இருந்தாலும் சோற்றின் அளவை மிஞ்ச விடமாட்டார். மதுவுக்கு அளவு வைத்துக்கொள்ளவில்லை. நிதானம் தவறும் வரை குடித்ததும் இல்லை. ஊர்க்காரர்களோடு விருந்தில் அமர்ந்தால், கைத்தடி ஊன்றிய முதியவர்கள் எழுந்து போகும் வரை அவரும் எழமாட்டார்.

அவர் வழி வந்தவர்கள் தொகுத்த ‘லி ஜி’ என்னும் சடங்கு நூல், ஒழுங்குமுறை என்பதே உணவிலும் பானத்திலும்தான் தோன்றியது என்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் சிந்தனையாளர் ஷுன்ஜி இதற்குக் காரணமும் காட்டினார். மனிதருக்கு ஆசை உண்டு. எல்லையில்லாத ஆசை சண்டையில் முடியும். சண்டை வறுமையில் முடியும். அதனால்தான் முன்னோர் பங்கு பிரித்து முறை வகுத்தார்கள் என்றார். ஆட்டிறைச்சியையும் ஆமையையும் நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் இது வறட்டுத் தத்துவமாகத் தோன்றாது.

‘லி ஜி’ தரும் பந்தி விதிகள் அந்தக் காலத்துச் சாப்பாட்டைக் கண்முன் நிறுத்துகின்றன. பொதுக் கலத்திலிருந்து தினைச் சோற்றைக் கையால் எடுத்து உண்ட காலம் அது. ஆகவே சோற்றை உருண்டையாகப் பிடித்து அள்ளக்கூடாது. அது மற்றவர் பங்கையும் சேர்த்து எடுப்பதாகும். எடுத்த சோற்றைத் திருப்பிக் கலத்தில் போடக்கூடாது. கடித்த மீனையும் திருப்பி வைக்கக்கூடாது. சப்புக்கொட்டக்கூடாது, எலும்பைக் கடித்து ஓசை எழுப்பக்கூடாது, அதை நாய்க்கு எறியவும் கூடாது. வடிசாறில் விருந்தாளி தானாக எதையாவது சேர்த்துக் கலக்கினால், தனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிடும். அதனால் அதுவும் கூடாது. பெரியவர் தன் கிண்ணத்தைக் குடித்து முடிக்கும் முன் சிறியவர் குடிக்கக்கூடாது.

ஊர் கூடி மது அருந்தும் சடங்கில் வயதே அளவுகோல். அறுபது வயதானவர்கள் அமர்வார்கள். ஐம்பது வயதானவர்கள் நின்று பணிவிடை செய்வார்கள். அறுபதுக்கு மூன்று தட்டு, எழுபதுக்கு நான்கு, எண்பதுக்கு ஐந்து, தொண்ணூறுக்கு ஆறு. வெண்கலக் கலங்கள் பிறப்பையும் பதவியையும் எண்ணின. ஊர்ச் சடங்கின் தட்டுகள் ஆண்டுகளை எண்ணின. உழவர் மகனும் உயிரோடிருந்தால் ஒருநாள் ஆறு தட்டு பெறலாம் என்பது சிறிய மாற்றம் அல்ல.

ஹோங்மென்: இருக்கை எழுதிய தீர்ப்பு

கி.மு. 206. சின் பேரரசு சரிந்துவிட்டது. நாடு யாருக்கு என்று இருவர் நின்றார்கள். நான்கு லட்சம் வீரர்களோடு ஷியாங் யூ. ஒரு லட்சம் வீரர்களோடு லியூ பாங். தலைநகர்ப் பகுதிக்குள் லியூ பாங் முதலில் நுழைந்துவிட்டதால் ஷியாங் யூ கொதித்துப்போயிருந்தார். சமாதானம் சொல்ல லியூ பாங் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குதிரைவீரர்களோடு ஹோங்மென் பாசறைக்கு வந்தார். விருந்து ஏற்பாடாயிற்று.

இந்த விருந்தை எழுதிய சிமா சியென், கத்தியையும் சூழ்ச்சியையும் பற்றிச் சொல்லும் முன்பே யார் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தார்கள் என்று சொல்கிறார். அன்றைய வழக்கில் அறைக்குள் கிழக்கு நோக்கிய இருக்கையே தலைமை இடம். அதில் ஷியாங் யூ தன் சிற்றப்பா ஷியாங் போவோடு தானே அமர்ந்துகொண்டார். அடுத்த மரியாதை தெற்கு நோக்கிய இருக்கை. அது அவருடைய ஆலோசகர் முதியவர் ஃபான் ஜெங்குக்கு. விருந்தாளியான லியூ பாங்குக்குக் கிடைத்தது அதற்கும் கீழான, வடக்கு நோக்கிய இடம். அவருடைய ஆலோசகர் ஜாங் லியாங் மேற்கு நோக்கிக் கடைசியில் இருந்தார். வரலாற்றாசிரியர் யூ யிங்-ஷீ இந்த இருக்கை வரிசையை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். தாழ்ந்த இடத்தில் லியூ பாங் மறுப்பின்றி அமர்ந்ததே அவருடைய பணிவுப் பிரகடனம். தனக்குப் பணிந்துவிட்டவனைக் கொல்ல ஷியாங் யூவுக்கு மனம் வரவில்லை.

ஃபான் ஜெங் தன் இடுப்பிலிருந்த பச்சைக்கல் அணியை மூன்று முறை தூக்கிக் காட்டிக் கொல்லும்படி சைகை செய்தார். ஷியாங் யூ அசையவில்லை. வாள் நடனம் என்ற பெயரில் ஷியாங் யூ தரப்பு வீரர் ஷியாங் ஜுவாங் லியூ பாங்கை நெருங்க, ஷியாங் போ எழுந்து தானும் ஆடி அவரை மறைத்துக்கொண்டார். வெளியே காத்திருந்த லியூ பாங்கின் வீரர் ஃபான் குவாய் காவலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு ஒரு பெரிய கலம் மதுவும் வேகாத பன்றித் தொடையும் தரப்பட்டன. நின்றபடியே மதுவைக் குடித்தார். கேடயத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் இறைச்சியை வைத்து, வாளால் அறுத்துத் தின்றார். சற்று நேரத்தில் லியூ பாங் இயற்கைக் கடனுக்கென்று எழுந்து போனவர், திரும்பவில்லை. மது தாங்காததால் நேரில் விடைபெற முடியவில்லை என்று ஜாங் லியாங் அவர் சார்பில் வருத்தம் தெரிவித்து, பச்சைக்கல் பரிசுகளை ஷியாங் யூவுக்கும் ஃபான் ஜெங்குக்கும் கொடுத்தார். ஓடித் தப்பும்போதும் விருந்தோம்பியவரிடம் விடைபெறும் முறையை விட முடியாத பண்பாடு அது. ஃபான் ஜெங் தன் பரிசைத் தரையில் வைத்து வாளால் உடைத்தார்.

தாழ்ந்த இடத்தில் அமர்ந்தவரே கி.மு. 202இல் ஹான் வம்சத்தின் முதல் பேரரசரானார். ஆனால் அவருடைய தளபதிகளோ அரண்மனையில் குடித்துவிட்டுக் கூச்சலிட்டார்கள். வாளை உருவித் தூண்களை வெட்டினார்கள். ஷூசுன் தோங் என்ற கன்பூசிய அறிஞர் புதிய அரசவை முறையை வகுத்துப் பயிற்சி கொடுத்தார். கி.மு. 200இல் சாங்லே அரண்மனையில் அது முதன்முறையாக அரங்கேறியது. தகுதி வரிசையில் எழுந்து வாழ்த்திக் கிண்ணம் ஏந்தினார்கள். ஒன்பது சுற்று மது முடியும் வரை ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. முறை தவறியவரைக் கண்காணிப்பாளர்கள் வெளியேற்றினார்கள். பேரரசராக இருப்பதன் பெருமை தனக்கு இன்றுதான் புரிந்தது என்றார் லியூ பாங்.

தனித்தட்டிலிருந்து பொதுத்தட்டுக்கு

இந்த விருந்துகளில் மேசையோ நாற்காலியோ கிடையாது. பாயில் மண்டியிட்டு அமர்வார்கள். ஒவ்வொருவர் முன்பும் குட்டையான தனித் தட்டுப்பலகை இருக்கும். ஹூனான் மாகாணத்தின் சாங்ஷாவில் உள்ள மவாங்துய் என்ற இடத்தில் 1972இல் திறக்கப்பட்ட கல்லறை இதை அப்படியே காட்டியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இறந்த ஷின் ஜுய் என்ற பிரபுகுலப் பெண்மணியுடன், ஐந்து சிறு தட்டுகளும் குடிகலங்களும் ஒரு ஜோடி மூங்கில் சாப்ஸ்டிக்கும் வைத்த அரக்குப் பலகை இருந்தது. கல்லறையின் கிண்ணங்களில், விரும்பி உண்ணுங்கள், விரும்பி அருந்துங்கள் என்ற உபசாரச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன.

பாயிலிருந்து சீனர்களை எழுப்பியவை வடமேற்கிலிருந்து வந்த இருக்கைகள். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹான் பேரரசர் லிங் அயல்நாட்டு மடக்கு இருக்கையை விரும்பினார். டுன்ஹுவாங் குகைகளின் டாங் காலச் சுவரோவியத்தில் ஆண்களும் பெண்களும் நீண்ட மேசையின் இருபுறமும் பலகைகளில் அமர்ந்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டுப் பிரபு ஹான் ஷிசாயின் இரவு விருந்தைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியத்தில் உயர்ந்த நாற்காலிகள் வந்துவிட்டன. சோங் வம்சக் காலத்தில் (960–1279) உயரமான மேசை சாதாரண வீடுகளையும் கைஃபெங் நகரின் உணவகங்களையும் எட்டியது. பலர் ஒரே மேசையைச் சுற்றி அமரவும், தட்டுகள் நடுவுக்கு நகர்ந்தன. தனித்தட்டு படிப்படியாகப் பொதுத்தட்டுக்கு வழிவிட்டது.

இது வெறும் மரச்சாமான் மாற்றம் அல்ல. தனித்தட்டில் உங்கள் பங்கை வேறொருவர் தீர்மானித்துவிடுகிறார். நீங்கள் உங்கள் தகுதிக்கு அடங்கினால் போதும். பொதுத்தட்டு நடுவில் வந்தபின் ஒவ்வொரு கவளத்துக்கும் நீங்களே உங்களை அடக்க வேண்டும். ஒழுங்கு கண்காணிப்பாளரிடமிருந்து உண்பவரின் விரல் நுனிக்கு இடம் மாறியது. இன்று சீனக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் சாப்ஸ்டிக் விதிகள் பெரும்பாலும் இந்தப் பொதுத்தட்டுக்கு உரியவை. நல்ல துண்டைத் தேடித் தட்டைக் கிளறாதே. எதை எடுக்கலாம் என்று குச்சியைத் தட்டின்மேல் வட்டமிடவிடாதே. உன் பக்கத்தில் இருப்பதை எடு. எதிரே இருப்பவர் பக்கம் பாயாதே. குச்சியைச் சப்பிவிட்டுப் பொதுத்தட்டில் வைக்காதே. கிண்ணத்தைக் குச்சியால் தட்டாதே, அது பிச்சை கேட்பவர் செய்வது. சோற்றில் குச்சிகளை நட்டுவைக்காதே, அது இறந்தவர் முன் படைக்கும் சோறு.

முறை முதிர்ந்தபோது அது கொடுமையாகவும் திரிந்தது. மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங்குடன் உணவருந்திய டாங் சூ என்ற அறிஞர், உண்டு முடித்ததும் இரு கைகளாலும் குச்சிகளை ஏந்தி வணங்கினார். இது என்ன முறை என்று பேரரசர் கேட்டார். சிறுவயதில் பழகிய ஊர் வழக்கம் என்றார் அறிஞர். ஊர் வழக்கத்தைப் பேரரசர் முன் காட்டுவதா என்று அவரை நாடுகடத்திவிட்டார்கள் என்று மிங் காலத் துணுக்குத் தொகுப்பு ஒன்று கூறுகிறது. வணக்கம் வாங்குபவரின் செருக்குக்கு முறை கருவியாகும்போது, வணங்கியவருக்கே தண்டனை.

வற்புறுத்தலை எதிர்த்த கவிஞர்

மிங், சிங் காலங்களில் பக்கத்துக்கு இருவராக எட்டுப் பேர் அமரும் சதுர மேசை வீட்டு விருந்தின் அடையாளமாயிற்று. கூடவே ஒரு பழக்கமும் தடித்தது: விருந்தாளியின் தட்டில் வீட்டுக்காரர் தன் குச்சியால் குவித்துக்கொண்டே போவது.

இதை வெளிப்படையாகக் கண்டித்தவர் கவிஞர் யுவான் மெய் (1716–1798). 1792இல் வெளியான அவருடைய சமையல் நூலில் சமையற்காரர்களும் விருந்து வைப்பவர்களும் விலக்க வேண்டியவை பற்றித் தனிப்பகுதி உண்டு. பெயருக்காக விலையுயர்ந்ததைப் பரிமாறுவதும், கண்ணுக்காக மேசையை நிரப்புவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வற்புறுத்துவது அதைவிடப் பிடிக்கவில்லை. விருந்தாளிக்குக் கையும் கண்ணும் இருக்கின்றன. கொழுப்போ எலும்போ அவருக்குப் பிடித்ததை அவரே எடுக்கட்டும், அதுவே மரியாதை என்றார். அவர் சொல்லும் ஒரு கதை: அடிக்கடி விருந்து வைக்கும் ஒருவர் இருந்தார், சாப்பாடு மட்டும் வாயில் வைக்க முடியாது. ஒருநாள் விருந்தாளி ஒருவர் அவர் முன் மண்டியிட்டு, நாம் நல்ல நண்பர்கள்தானே, எனக்கு ஒரு வரம் தர வேண்டும் என்றார். என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் பதறினார். இனி விருந்து வைத்தால் என்னை அழைக்காதீர்கள் என்றார் விருந்தாளி. பந்தியே சிரித்துவிட்டது.

மற்றவர் பங்கை நீ எடுக்காதே என்றது பழைய நூல். மற்றவர் விருப்பத்தையும் நீ எடுத்துக்கொள்ளாதே என்றார் யுவான் மெய். என் பார்வையில், சீனப் பந்தி முறை அடைந்த மிக உயர்ந்த இடம் இதுதான்.

பினாங்கு மருத்துவரின் சுழலும் தட்டு

1910–11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் பணிக்குத் தலைமை தாங்கியவர், பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த மருத்துவர் வூ லியென்-தே (1879–1960). துணி முகமூடியைப் பரவலாக்கிய அவருடைய கண் பிறகு சாப்பாட்டு மேசைமேல் விழுந்தது. பலரும் தம் வாய்க்குள் போன குச்சியை ஒரே தட்டில் விடுவது நோய்க்கு வழி. அதற்காகப் பொதுத்தட்டையே ஒழித்தால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 1915இல் அவர் முன்வைத்த வழி: மேசையின் நடுவில் சுழலும் தட்டு, ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிப் பரிமாறு கரண்டி. கூடி உண்பதும் நிலைக்கும், எச்சிலும் கலக்காது.

இன்று உலகெங்கும் சீன உணவகங்களின் வட்டமேசையில் சுழலும் தட்டு உண்டு. 1950களில் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுன் உணவகங்கள் அதைப் பிரபலமாக்கின. பரிமாறுவதற்கென்று தனிக் குச்சி வைக்கும் பழக்கம் மெதுவாகத்தான் வேரூன்றியது. 2003இல் சார்ஸ் வந்தபோதும் 2020இல் கொரோனா வந்தபோதும் அரசு அதை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. தன் குச்சியால் எடுத்து வைப்பது அன்பின் அடையாளமாக ஊறிப்போயிருந்ததே காரணம். 1972 பிப்ரவரி 21 இரவு, பெய்ஜிங் மக்கள் மாமண்டபத்தில் பிரதமர் ஜோ என்லாய் தன் குச்சியால் எடுத்து அமெரிக்க அதிபர் நிக்சனின் தட்டில் வைத்தார். இருபது ஆண்டுப் பகை தளர்வதை அமெரிக்கர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

இன்றைய மேசை

வாசலைப் பார்த்த இருக்கை தலைமை விருந்தாளிக்கு அல்லது வீட்டின் மூத்தவருக்கு. விருந்து வைப்பவர் பெரும்பாலும் வாசலுக்கு அருகில். திசை மாறியிருக்கிறது, ஹோங்மென் இருக்கைக் கணக்கு மாறவில்லை. மூத்தவர் எடுத்தபின்தான் மற்றவர் எடுப்பார்கள். தேநீர் ஊற்றும்போது முதலில் பிறர் கிண்ணம், கடைசியில் தன் கிண்ணம். கெண்டியின் மூக்கு யாரையும் பார்த்து இருக்கக்கூடாது. வாழ்த்திக் குடிக்கும்போது இளையவர் தம் கோப்பையின் விளிம்பைப் பெரியவரின் கோப்பைக்குக் கீழே தாழ்த்தித் தொடுவார். தென்கடலோர மீனவ ஊர்களில், ஒருபக்கம் உண்ட மீனைப் புரட்டிப்போடமாட்டார்கள்; படகு கவிழ்வதைப் போன்றது என்று அஞ்சுவார்கள். தேநீர் ஊற்றியவருக்கு நன்றியாகக் குவாங்தோங் மக்கள் இரு விரலால் மேசையை மெல்லத் தட்டுவார்கள்.

பழைய பெருமை ஒன்று மட்டும் இப்போது சட்டத்தோடு மோதுகிறது. தட்டுகள் காலியாகிவிட்டால் விருந்து வைத்தவர் போதுமான அளவு கொடுக்கவில்லை என்றாகும். ஆகவே மிஞ்சும்படி வரவழைப்பது கௌரவம். 2021 ஏப்ரல் 29இல் நடைமுறைக்கு வந்த உணவு வீணடிப்புத் தடைச் சட்டம், வாடிக்கையாளரை அளவுக்கு மீறி வாங்கத் தூண்டும் உணவகங்களுக்கு 10,000 யுவான் வரை அபராதம் விதிக்கிறது. சோற்றை மிஞ்சும் இறைச்சி வேண்டாம் என்று இருந்த கன்பூசியஸின் நாட்டில் இந்தச் சட்டம் அந்நியமானது அல்ல.

இருபத்தாறு நூற்றாண்டுகளில் பாய் போய் நாற்காலி வந்தது, தனித்தட்டு போய்ப் பொதுத்தட்டு வந்தது, பேரரசர்கள் போனார்கள். முறைகளில் தகுதியைக் காட்டுவதற்காக மட்டும் இருந்தவற்றில் பல அவர்களோடு போயின. பக்கத்தில் இருப்பவரின் பசியை எண்ணிப் பார்க்கச் சொன்னவை தங்கின. அதனால்தான் சீனப் பந்தியைப் படிக்கும்போது குச்சிப் பிடியைவிட, எடுக்கும் முன் ஒரு கணம் நிற்கும் கையை நாம் கவனிக்க வேண்டும். அந்தத் தயக்கத்தை ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதை நான் அதன் பெருஞ்சுவரைவிடப் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

(அடுத்த அத்தியாயத்தில்: எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்று தனி நூல் எழுதிய லூ யூவும், மருந்தாக இருந்த இலை நாட்டின் பானமான கதையும்.)